பதினாறு அங்கிள் நீளம்

எனக்கு ஏழு வயதிருக்கும்போது மாமா எங்கள் வீட்டில் வந்து தங்கினார். அம்மாவின் சொந்தத் தம்பி. ஜெர்சி சிட்டியில் ஒரு வங்கிக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், இரண்டாயிரத்து ஒன்றாம் வருடத்து வசந்த காலத்தில் இரண்டு பெட்டிகளோடு கலிபோர்னியாவின் சன்னிவேலில் எங்கள் அபார்ட்மென்ட் வாசலில் வந்து நின்றார். எத்தனை நாள் இருப்பார் என்பதை அப்பா நேரடியாகக் கேட்காமல், “அப்புறம் மாப்ள, ப்ராஜெக்ட் எப்படிப் போகுது?” என்று விசாரித்தார். மாமா சிரித்துக்கொண்டே, “பெஞ்ச்ல இருக்கேனுங்க மச்சான்” என்றார்.

ஒரு ப்ராஜெக்ட் முடிந்து அடுத்தது கிடைக்கும்வரை சும்மா இருப்பதற்கு அவர்கள் உலகத்தில் அப்படி ஒரு பெயர். எனக்கு அது தெரியாது. எங்கள் அபார்ட்மென்ட்டின் நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் பச்சை பெயின்ட் அடித்த பெஞ்ச் ஒன்று இருந்தது. மாமா தினமும் காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு, பேப்பரை எடுத்துக்கொண்டு அங்கே போய் உட்காருவார். மதியம் சாப்பிட வருவார். திரும்பவும் போவார். இதைவிடத் தெளிவான உத்தியோகம் எதையும் நான் பார்த்ததில்லை.

வகுப்பில் ஒருநாள் வீட்டிலிருப்பவர்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்று சொல்லச் சொன்னார்கள். அப்பா சிப் செய்கிறார் என்றேன். எல்லோரும் உருளைக்கிழங்கு சிப்ஸ் என்று நினைத்துக்கொண்டு என்னைப் பொறாமையோடு பார்த்தார்கள். மாமா பெஞ்சில் உட்காருகிறார் என்றேன். அதற்கும் பொறாமைப்பட்டார்கள்.

எங்கள் டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சட்டைக் கைகளில் எப்போதும் பெயின்ட் ஒட்டியிருக்கும், நல்ல உயரமான பெண்மணி. அவர் வகுப்பில் கணக்கு, அறிவியல், ஓவியம் என்று தனித்தனிப் பாடங்கள் கிடையாது. மூன்றும் ஒரே குழம்பு. சூரியகாந்திப் பூவின் விதைகள் எந்தப் பக்கம் சுழல்கின்றன என்று எண்ணிவிட்டு அதை வரைய வேண்டும். மைதானத்தில் ஒருவர் நிழலை இன்னொருவர் காலையிலும் மதியத்திலும் சாக்பீஸால் சுற்றி வரைந்து, அது ஏன் சுருங்கியது என்று சண்டை போட வேண்டும். பின்னங்களைக்கூட அவர் பெயின்ட்டில்தான் சொல்லிக்கொடுத்தார். அரைக்கு அரை நீலமும் மஞ்சளும் கலந்தால் ஒரு பச்சை, காலுக்கு முக்கால் கலந்தால் இன்னொரு பச்சை. அதனால் அரை, கால், முக்கால் என்பதெல்லாம் பச்சை நிறத்தின் வகைகள் என்றே நான் வெகுநாள் எண்ணியிருந்தேன்.

அப்பாவுக்கு இது பெரிய மனக்கஷ்டம். பெற்றோர்களை வரச்சொல்லியிருந்த நாளில், கணக்குப் பாடத்தை எப்போது ஆரம்பிப்பதாக உத்தேசம் என்று டீச்சரிடம் பணிவாகக் கேட்டார். டீச்சர் சுவரில் ஒட்டியிருந்த சூரியகாந்திகளைக் காட்டி, இதுதான் கணக்கு என்றார். அப்பா அந்தப் பூக்களையே கொஞ்சநேரம் பார்த்தார். காரில் திரும்பி வரும்போது, “ரெண்டாங்கிளாஸ்ல நாங்க பன்னெண்டாம் வாய்ப்பாடு தலைகீழா சொன்னோம். இவ பூ வரஞ்சுட்டிருக்கா” என்று ஸ்டியரிங்கிடம் சொன்னார்.

இந்த நிலைமையில்தான் திமிங்கலம் வந்தது.

டீச்சர் ஒரு தொப்பிக்குள் துண்டுச் சீட்டுகளைப் போட்டு எல்லோரையும் ஒவ்வொன்று எடுக்கச் சொன்னார். சீட்டில் எந்த விலங்கின் பெயர் இருக்கிறதோ, அதை அதன் நிஜ அளவில், சாக்பீஸால், யாரும் திட்டாத ஒரு தரையில் வரைய வேண்டும். பிறகு வீட்டில் இருக்கும் ஏதாவது ஒன்றை அளவுகோலாக வைத்து அதன் நீளத்தைச் சொல்ல வேண்டும். போட்டோவும் எடுத்து வர வேண்டும். என் பக்கத்து இருக்கைப் பையனுக்கு முயல் வந்தது. அவன் அன்று மாலையே வரைந்து, ஸ்பூனால் அளந்து முடித்துவிட்டான். எனக்கு வந்தது நீலத் திமிங்கலம்.

“தொண்ணூறு அடி” என்றார் அப்பா, நூலகத்திலிருந்து எடுத்து வந்த புத்தகத்தைப் பார்த்து. பிறகு ஒரு நல்ல இன்ஜினியரைப் போல உடனே தீர்வும் சொன்னார். “பத்தடிக்கு ஒரு இஞ்ச். சார்ட் பேப்பர்ல வரைஞ்சு, கீழ ஸ்கேல் எழுதிக் குடுத்துரலாம்.”

மாமா இட்லியை விட்டுவிட்டு நிமிர்ந்தார். “டீச்சர் நெஜ சைஸ்னுல்ல சொல்லியிருக்காங்க மச்சான்? ரெக்வயர்மென்ட்ட நாம மாத்தக்கூடாதுங்க.”

“தொண்ணூறு அடிக்கு எங்க மாப்ள போறது? பசிபிக் சமுத்திரத்துக்கா?”

“கீழ பார்க்கிங் லாட் இருக்குதுங்களே.”

அப்பா சாம்பாரை ஊற்றிக்கொண்டே, “பெஞ்ச்ல இருக்கறவங்களுக்குத் திமிங்கலம் வரைய டைம் இருக்கும்ப்பா” என்றார். கூடவே, தன் கம்பெனியில் எல்லாம் ஸ்டெடியாகப் போய்க்கொண்டிருப்பதாகவும், வேலை நேரத்தில் மூச்சுவிட முடியவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். கொஞ்ச நாட்களாக அவர் யாரும் கேட்காமலே அடிக்கடி அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா தன் தம்பி தட்டில், அவர் கேட்காமலே, இன்னும் இரண்டு இட்லி வைத்தாள்.

மறுநாளே மாமா அபார்ட்மென்ட் மேனேஜரைப் பார்த்துவிட்டு வந்தார். சிறிய நாய் ஒன்றைக் கையில் ஏந்தியபடியே நடமாடும் வயதான அம்மாள் அவர். தண்ணீரில் கரைகிற சாக்பீஸ்தான் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, ஒரே ஒரு நிபந்தனையோடு சம்மதித்திருந்தார். தீயணைப்பு வண்டி வரும் பாதையில் திமிங்கலத்தின் ஒரு முடிகூட வரக்கூடாது. திமிங்கலத்துக்கு முடி உண்டா என்று தான் பதிலுக்குக் கேட்கவில்லை என்பதை மாமா தன் பொறுமைக்கு உதாரணமாகச் சொன்னார்.

பார்க்கிங் லாட்டை மாமா அளந்து பார்த்தார். நீளவாக்கில் வைத்தால் வால், சிவப்புக் கோட்டைத் தாண்டித் தீயணைப்புப் பாதைக்குள் போனது. வாலை மட்டும் கொஞ்சம் மடித்துவிடலாம் என்றேன்.

“மடிக்கற திமிங்கலம் நெஜ சைஸ் ஆகாது கண்ணு” என்றார் மாமா. கொஞ்சநேரம் பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தார். பிறகு கயிற்றை ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு இழுத்துக் கட்டினார். திமிங்கலம் அடங்கியது. மூலைக்கு மூலை எப்போதும் நீளம் அதிகம் என்பதை நான் அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அதற்கு ஒரு கிரேக்கரின் பெயர் இருக்கிறது என்பது பல வருடம் கழித்துப் பாடப்புத்தகத்தில் வந்தபோது, அது எங்கள் மாமாவின் வேலை என்று எனக்குத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை எங்களுக்குப் பள்ளி கிடையாது. ஆசிரியர்களுக்கு மட்டும் வேலை. அந்த நாளைத்தான் மாமா குறித்துவைத்திருந்தார். அபார்ட்மென்ட்டில் பாதிக்கு மேல் நம்மூர்க்காரர்கள். எல்லோரும் கம்ப்யூட்டர் வேலை. காலையில் ஒன்பது மணிக்கு மேல் லாட்டில் ஒரு கார்கூட இருக்காது, வானத்தைப் போல வெறுமையாக இருக்கும் என்று அவர் கணக்கு.

அப்பா ஆபீஸ் போனபிறகு சாக்பீஸ் வாளியோடு நாங்கள் இறங்கிப் போனோம். லாட் நிறையக் கார்கள்.

“இன்னிக்கு என்ன கண்ணு, எல்லாத்துக்கும் லீவா?”

“நோ மாமா. ஒன்லி மை ஸ்கூல்” என்றேன். அந்த நாட்களில் எனக்குத் தமிழ் காதுக்குள் போகும். வாய் வழியாக வராது.

வேறு வழியில்லை. காரை நகர்த்தித் தரச்சொல்லிக் கதவு கதவாகத் தட்டப் புறப்பட்டோம். முதல் கதவைத் திறந்த அங்கிள் மேலே இஸ்திரி போட்ட சட்டையும் டையும், கீழே லுங்கியும் கட்டியிருந்தார். காதில் போன். உதட்டில் விரலை வைத்து எங்களை எச்சரித்துவிட்டு, போனில் யாருக்கோ, தான் குழுவோடு இணைந்து பணியாற்றுவதில் பெருவிருப்பம் கொண்டவன் என்று ஆங்கிலத்தில் தெரிவித்தபடியே கார் சாவியை மாமாவிடம் நீட்டினார். இரண்டாவது அங்கிள் லேசாக ஜுரம் என்றார். ஜுரத்தோடு அவர் வெங்காய பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது அங்கிள் இன்று வீட்டிலிருந்தே வேலை என்றார். நான்காமவருக்கும் ஜுரம். அது ஒட்டிக்கொள்ளும் வகை போலிருக்கிறது என்று நான் இரண்டடி தள்ளி நின்றேன்.

எல்லோரும் கடைசியில் மாமாவைப் பார்த்து, “நீங்க ஆபீஸ் போகலயா?” என்று ஒரு கேள்வி கேட்டார்கள். மாமா ஒளிக்கத் தெரியாதவர். “நான் பெஞ்சுங்க” என்றார். அதைக் கேட்டதும் அந்த முகங்களில் என்னவோ நடந்தது. பஜ்ஜி அங்கிள் வெளியே எட்டிப்பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“நானும்தான் சார். மூணு வாரமாச்சு. வெளிய சொல்லிக்காதீங்க.”

அதையே அடுத்த கதவும் சொன்னது. அதற்கடுத்ததும். இன்டர்நெட் கம்பெனிகள் வரிசையாக மூடிக்கொண்டிருந்த வருடம் அது. யாரிடமும் சொல்லக்கூடாது என்பது மட்டும் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. மாமா எல்லோரிடமும் சத்தியம் செய்துகொடுத்துக்கொண்டே போனார்.

ஆனால் காரை நகர்த்த எல்லோரும் ஒரே நேரத்தில் கீழே வந்துதானே ஆகவேண்டும்? படிக்கட்டு முகப்பில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார்கள். டை அங்கிளும் பஜ்ஜி அங்கிளும் எதிரெதிர் வீடு. அந்த மூன்று வாரமும், முந்தின நாள்வரை, தினமும் காலையில் ஒருவருக்கொருவர் கையாட்டிவிட்டுக் காரில் கிளம்பி, ஒருவர் நூலகத்திலும் இன்னொருவர் கோயில் வாசலிலும் பொழுதைப் போக்கிவிட்டு மாலையில் களைப்போடு திரும்பியவர்கள் என்று மாமா பின்னால் சொல்லித்தான் தெரியும்.

“நீங்களுமா?” என்றார் டை அங்கிள்.

“நீங்களுமா?” என்றார் பஜ்ஜி அங்கிள்.

யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு அந்தச் சிரிப்பை நிறுத்த முடியவில்லை. பக்கத்து ப்ளாக்கிலிருந்தும் இரண்டு மூன்று பேர் என்ன சத்தம் என்று பார்க்க வந்து, பார்த்தவுடன் விஷயம் புரிந்து அங்கேயே தங்கிவிட்டார்கள். நான் மாமாவின் சட்டையை இழுத்து, இத்தனை பேருக்கும் உட்கார நம் பெஞ்சில் இடம் போதுமா என்று கவலையோடு கேட்டேன். அதற்கு இன்னொரு சுற்று சிரித்தார்கள்.

அதன் பிறகு திமிங்கலம் என் கையை விட்டுப் போய்விட்டது. வாரக்கணக்காக வேலையில்லாதவர்களிடம் ஒரு வேலை சிக்கினால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டுமானால் அன்று எங்கள் லாட்டுக்கு வந்திருக்க வேண்டும். புத்தகத்துப் படத்தின்மேல் கட்டம் போட்டார்கள். அதேபோலத் தரையிலும் கட்டம் போட்டார்கள். தலைக்கு ஒரு குழு, வாலுக்கு ஒரு குழு. துடுப்புக்குத் தனியாக ஒருவர், அவருக்கு மேற்பார்வையாளராக ஒருவர். மதியச் சாப்பாட்டுக்குள் முடித்தாக வேண்டும் என்று டை அங்கிள் கெடு விதித்தார். வரையலாமா என்று நான் கேட்டபோது, டிசைன் முடியட்டும் பாப்பா என்றார்கள்.

தலைக் குழுவும் வால் குழுவும் நடுவில் சந்தித்தபோது, தலையிலிருந்து வந்த முதுகு ஓரிடத்திலும், வாலிலிருந்து வந்த முதுகு ஓர் ஆள் உயரம் தள்ளி வேறிடத்திலும் நின்றது.

“நீங்க எதுல அளந்தீங்க?”

“மூணடிக்கு ஒரு கட்டம்.”

“நாங்க மீட்டருக்கு ஒண்ணுன்னுல்ல போட்டோம்!”

பெரிய வாக்குவாதம். யார் அழிப்பது என்பதில் இரண்டு குழுவுக்கும் தன்மானம் குறுக்கிட்டது. முதுகில் ஒரு கூனை வைத்துச் சமாளிக்கலாம், கடலில் யார் பார்க்கப்போகிறார்கள் என்றார் ஒருவர். கடைசியில் மாமா வாளியிலிருந்து பெரிய நீல சாக்பீஸை எடுத்து என்னிடம் கொடுத்து, “நீ வரை கண்ணு. உன் ஹோம்வொர்க்தான இது?” என்றார்.

டீச்சர் எங்களுக்கு ஒன்று சொல்லிக்கொடுத்திருந்தார். நீளமான கோடு போடும்போது கையைப் பார்க்கக்கூடாது; கோடு போய்ச் சேர வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். நான் தலைப் பக்கத்தில் குனிந்து, வாலைப் பார்த்தபடி, நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்தேன். கோடு மெல்ல ஏறி, மெல்ல இறங்கி, வாலில் போய் வழுக்கி நின்றது. திரும்பிப் பார்த்தால் திமிங்கலத்துக்கு முதுகு வந்திருந்தது.

அங்கிள்கள் கோட்டின் ஓரமாக நடந்து பார்த்தார்கள். பிறகு மீட்டர் அங்கிள், “எந்த ஃபார்முலா?” என்று கேட்டார்.

நீலம் வயிற்றோடு தீர்ந்துபோனது. மிச்சத்தை ரோஸிலும் பச்சையிலும் அடைத்தோம். அது முக்கால் பச்சை.

இனி அளக்க வேண்டும். வீட்டில் இருக்கும் எதனால் அளப்பது? ஸ்பூன், செருப்பு, தோசைக்கல் என்று அம்மா மாடியிலிருந்து யோசனைகளை இறக்கினாள். மாமா திமிங்கலத்தின் மூக்கில் தலையை வைத்து, கால் நீட்டி, தரையில் படுத்துவிட்டார். “நான் உங்க வீட்லதான கண்ணு இருக்கேன்? ம், அடுத்தாள் வாங்க.”

பஜ்ஜி அங்கிள் அவர் காலடியில் தலைவைத்துப் படுத்தார். அவர் காலடியில் டை அங்கிள், டையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு. ஒருவர் பின் ஒருவராகப் படுக்கப் படுக்க, லுங்கியும் அரைக்கால் சட்டையுமாக ஒரு வரிசை திமிங்கலத்துக்குள் நீண்டது. நான் ஒவ்வொருவர் வயிற்றையும் தொட்டு எண்ணிக்கொண்டே போனேன்.

அந்தச் சமயம் பார்த்து மேனேஜர் அம்மாள் நாயோடு வந்தார். வெயிலில் வரிசையாகப் படுத்திருக்கும் ஆண்களைப் பார்த்தார். அம்மாவை நிமிர்ந்து பார்த்து, இது ஏதாவது மதச் சடங்கா என்று மரியாதையோடு விசாரித்தார். “ஸ்கூல் ப்ராஜெக்ட்” என்றாள் அம்மா. அந்த அம்மாள் புரிந்ததுபோல் தலையாட்டி, நாயின் கண்ணைப் பொத்திக்கொண்டு போனார்.

பதினைந்து பேர் படுத்தார்கள். வால் மட்டும் மிச்சம். நான் படுக்கிறேன் என்றேன். அளவுகோல் நடுவில் மாறக்கூடாது, ஓர் அங்கிள்தான் வேண்டும் என்று எல்லோரும் படுத்தபடியே மறுத்தார்கள். யாரைக் கூப்பிடுவது என்று தரையிலிருந்து ஆலோசனை நடந்துகொண்டிருந்தபோது அப்பாவின் கார் லாட்டுக்குள் திரும்பியது.

மணி ஒன்றுகூட ஆகவில்லை. அப்பா காரை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கினார். தோளில் ஆபீஸ் பை. கையில் அவர் மேஜைமேல் இருந்த மணிபிளான்ட் தொட்டி. கழுத்தில் எப்போதும் தொங்கும் அடையாள அட்டை இல்லை.

நான் ஓடிப்போய், திமிங்கலத்தைப் பாருங்கள், வால் மட்டும்தான் பாக்கி என்று கத்தினேன். அங்கிள்கள் தலையைத் தூக்கி அப்பாவையும் அந்தச் செடியையும் பார்த்துவிட்டு, மெதுவாகத் தலையைத் தரையில் வைத்துக்கொண்டார்கள். மாடியில் அம்மா கேமராவோடு அப்படியே நின்றாள். மாமா மட்டும் பாதி எழுந்து, “மச்சான்…” என்றார்.

அப்பா திமிங்கலத்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பார்த்தார்.

“எத்தனை பேர் குறையுது?” என்று கேட்டார்.

“ஒருத்தர்தானுங்க.”

அப்பா செடியை என்னிடம் கொடுத்தார். பையைக் கழற்றி வைத்தார். காலையில் அம்மா இஸ்திரி போட்டுக்கொடுத்த பேன்ட்டோடு, மீட்டர் அங்கிளின் காலடியில் தலைவைத்து, வாலின் நுனிவரை காலை நீட்டிப் படுத்துக்கொண்டார். கச்சிதமாகச் சரியாக இருந்தது. நான் சந்தோஷத்தில் செடியோடு குதித்தேன். மண் எல்லாம் அப்பா சட்டையில் கொட்டியது. அவர் அதைத் தட்டிவிடவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தார், வெயில் கடுமையாக இருந்தது. அம்மா படம் எடுத்து முடித்த பிறகும் வெகுநேரம் யாரும் எழுந்திருக்கவில்லை.

ஒரு படத்தில் திமிங்கலம் அடங்கவில்லை. மூன்று படங்களைச் சேர்த்து ஒட்டி, கீழே ‘நீலத் திமிங்கலத்தின் நீளம்: பதினாறு அங்கிள்’ என்று எழுதித் திங்கட்கிழமை எடுத்துப்போனேன். வகுப்பு ஆரவாரம் செய்தது. முயல் பையன் தன் ஸ்பூன்களை மறைத்துக்கொண்டான். டீச்சரும் முதலில் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு படத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்து, இது எப்போது எடுத்தது என்று கேட்டார். வெள்ளிக்கிழமை, லஞ்ச் நேரம் என்றேன். கடைசியில் படுத்திருப்பவர் என் அப்பா, எனக்காகவே ஆபீஸிலிருந்து வந்தார், இனிமேல் தினமும் வீட்டில்தான் இருப்பார் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

டீச்சர் என் தாளில் ஒரு தங்க நட்சத்திரம் ஒட்டினார். கொஞ்சம் யோசித்துவிட்டு, இன்னொன்றைக் கிழித்து, இது உன் அப்பாவுக்கு என்று கையில் கொடுத்தார்.

வீட்டில் அப்பாவும் மாமாவும் சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து எதையோ டைப் செய்துகொண்டிருந்தார்கள். நான் நட்சத்திரத்தை அப்பாவின் சட்டைப்பையில் ஒட்டினேன். எதற்கு என்று கேட்டார். “ஃபார் லையிங் டவுன் வெரி வெல்” என்றேன். நன்றாகப் படுத்ததற்கு.

மாமாதான் முதலில் வெடித்தார். பிறகு அப்பா. மேஜையில் தலையைக் கவிழ்த்து, தோள் குலுங்க, மூச்சு வாங்கச் சிரித்தார். சமையலறையிலிருந்து வந்த அம்மாவும் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சேர்ந்துகொண்டாள். அப்பா அப்படிச் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. இவ்வளவு நல்ல ஜோக்கை வீணாக்கக்கூடாது என்று மறுநாள் மாலையும் அதையே சொன்னேன். அன்று யாரும் சிரிக்கவில்லை. நான்தான் சரியாகச் சொல்லவில்லை போலிருக்கிறது என்று, இன்னொருமுறை, இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.